அரக்குக் கூறை செங்கல் நிறமான கதை

ஞாயிற்றுக்கிழமை இரவு இணையத்தில் நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், திரும்ப விவரிக்கப் போவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம். ஒன்று மாப்பிள்ளையின் தம்பி ஃபோனில் எடுத்தது, அதில் மணப்பெண்ணின் கூறைச் சேலை அரக்கு. மற்றது நான் எடுத்த கலியாண அல்பத்தில் உள்ளது, அதில் செங்கல். மேலே "எது கூறையின் நிறம்?" என்று ஒரு கேள்வி. கீழே ஊரே கூடித் தீர்ப்பு. நான் போட்டது ஒரேயொரு வரி: "அந்தக் கமெராவுக்கு சொஃப்ட்வெயாரில் சரியான கலர் புரொஃபைல் இன்னும் வரவில்லை." அதற்கு இந்தத் தொழிலில் நான் மதிக்கும் ஒரு மூத்த அண்ணன் எழுதிய பதில், "ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணலாம்." சிரிப்புக் குறி போட்டவர்கள் 87 பேர். ஓம், எண்ணிப் பார்த்தேன். அதில் மூன்று பேர் என்னிடம் லென்ஸ் இரவல் வாங்கியவர்கள். ஒருவர் இன்னும் திருப்பித் தரவில்லை.

சரி அண்ணன், முற்றம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் அதைச் சொல்லவும் கூடாதா?

கலியாணங்களை நான் எடுப்பது றோ ஃபைலாக. அது படம் இல்லை, கமெராவின் சென்சர் வெளிச்சத்தை அளந்து தரும் எண்கள். சென்சரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கிறது. பெரும்பாலும் நாலு புள்ளியில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மிச்சத்தைக் கணக்குப் போட்டு நிரப்புவது சொஃப்ட்வெயாரின் வேலை. ஒரு கமெராவின் சிவப்பு வடிகட்டி மாதிரி இன்னொரு கமெராவினது இருப்பதில்லை. ஆகவே, இந்தக் கமெராவில் இந்த மூன்று எண்கள் சேர்ந்து வந்தால் அது அரக்கு, அப்படி வந்தால் செங்கல் என்று யாராவது அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த அளவுதான் புரொஃபைல். அது ஏனோதானோ என்று இருந்தால் ஃபைல் திறக்கும், நிறம் வராது. திறப்பது வேறு, ஆதரிப்பது வேறு. "புதிய கமெராக்களுக்கு ஆதரவு சேர்க்கப்பட்டது" என்று அப்டேட்டில் எழுதி விடுகிறார்கள். கேற்றைத் திறந்து விட்டால் போதுமா, வந்தவனுக்கு இலை போட வேண்டாமா?

நம்பாதவர்கள் ஒன்று செய்து பாருங்கள். கார்டை லப்டொப்பில் செருகி ஒரு கலியாணப் படத்தைத் திறவுங்கள். முதலில் கூறை நல்ல அரக்காக நிற்கும், மணப்பெண்ணின் கன்னத்தில் சந்தனம் சந்தனமாகவே தெரியும். ஒரு வினாடி, இரண்டு வினாடி. பிறகு படம் ஒரு துடி துடிக்கும். அரக்கு செங்கலாகும், சந்தனம் சாம்பலடிக்கும். முதலில் வந்தது கமெரா தானே நிறம் போட்டு றோவுக்குள் செருகி வைத்த சின்ன ஜேபெக் படம். பிறகு வந்தது சொஃப்ட்வெயார் தானாகப் போட்ட கணக்கு. கமெராவில் 'போர்ட்ரெயிட்' என்று நான் வைத்த நிற அமைப்பெல்லாம் ஃபைலுக்குள் ஒரு துண்டுக் குறிப்பு மட்டும்தான், சென்சர் எண்களைத் தொடாது. அந்த ஜேபெக்குக்கு நிறம் போடும் பக்குவத்தைக் கமெராக் கம்பனிகள் வெளியே சொல்வதில்லை. அடோபி போன்ற சொஃப்ட்வெயார்க் கம்பனிகள் கமெராவை வைத்துச் சோதித்து 'கமெரா ஸ்டாண்டர்ட்', 'கமெரா போர்ட்ரெயிட்' என்று தாங்களே அதை ஒத்த புரொஃபைல் செய்கிறார்கள். எல்லாக் கமெராவுக்கும் அது கிடைப்பதில்லை. என் கமெராவுக்கு நான் பாவிக்கும் சொஃப்ட்வெயாரில் பொதுப் புரொஃபைல் ஒன்று மட்டும்தான் இருக்கிறது.

"வைட் பலன்ஸை மாற்றினால் முடிந்தது" என்று எழுதிய தம்பிமாருக்கு: வைட் பலன்ஸ் மூன்று நிறத்தையும் படம் முழுக்க ஏற்றி இறக்குவது. கூறைக்காக இழுத்தால் மாப்பிள்ளையின் வேட்டியும் ரோஸ் நிறமாகும். ஐயரும் ரோஸ்.

"அப்போ ஜேபெக்கில் எடு." எடுக்கலாம். தாலி கட்டும் நேரம் பார்த்து ஒரு சித்தப்பா ஃபோன் ஃப்ளாஷை நகை மேல் அடிப்பார், அந்த வெளிச்சத்துக்கு முன்னால் வந்து நின்று பாருங்கள். அந்தப் படத்தைப் பிறகு திருத்த ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிதான், 14 பிட் றோவில் 16,384. மட்டக்களப்பு கல்லடியில் அந்தக் கலியாணம் நடந்த மண்டபத்தில் மணவறைக்கு மேலே மஞ்சள் பல்ப், பின்னால் ஊதா எல்ஈடி, பக்கத்தில் குத்துவிளக்கு, வாவிப் பக்க ஜன்னலால் பகல் வெளிச்சம். புரொஃபைல்களைப் பெரும்பாலும் இரண்டு வெளிச்சத்தில்தான் அளக்கிறார்கள், 2856 கெல்வின் குண்டு பல்ப், 6500 கெல்வின் பகல். இடையில் உள்ளது கணக்கு. ஊதா எல்ஈடி எந்தக் கணக்கிலும் இல்லை.

கமெராக் கம்பனியின் சொந்த சொஃப்ட்வெயாரில் செய்திருக்கலாமே என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார். உண்மை, அதில் நிறம் சரியாக வரும். ஆனால் 1,800 படம், என் லப்டொப், அந்த சொஃப்ட்வெயாரின் வேகம்... விடுங்கள், அதைப் பிறகு கதைப்போம்.

"மொனிட்டரில்தான் பிழை" என்பவர்களுக்கு: அது நிறம் அளந்து கலிபிரேட் செய்ததுதான். அடுத்தது.

24 நிறக் கட்டம் உள்ள அந்த அட்டையைப் படம் எடுத்துச் சொந்தமாகப் புரொஃபைல் செய்யலாம் என்பதும் தெரியும். கல்முனையில் ஒரு நண்பரிடம் இருக்கிறது. ஒருமுறை வாங்கிச் செய்தேன், நன்றாகவே வந்தது. அந்தக் கலியாணத்தன்று அவருக்கும் அக்கரைப்பற்றில் கலியாணம். சொந்தமாக ஒன்று வாங்கு என்பீர்கள். 2022இல் இலங்கையில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது சொஃப்ட்வெயாரின் மாதச் சந்தா என்ன ஆனது என்று கட்டுகிறவனுக்குத்தான் தெரியும். கள்ளப் பிரதி பாவிக்கிறவர்கள்தான் எனக்கு "அப்டேட் போடு" என்று புத்தி சொல்கிறார்கள். யாரென்று எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.

என் மாமா ஆரையம்பதியில் ஸ்ரூடியோ வைத்திருந்தார். அந்த யுத்த காலத்தில் கலர் ஃபிலிம் ரோலைக் கழுவக் கொழும்புக்குத்தான் அனுப்புவார். பாதை திறந்திருந்தால் இரண்டு கிழமை, இல்லாவிட்டால் மாமாங்கேஸ்வரர் விட்ட வழி. கலியாணம் முடிந்ததும் பெண்ணின் தாயிடம் போய், கூறைச் சட்டை தைத்த மிச்சத் துணி கேட்பார். நகத்தளவு துண்டு. அதை டேப்பால் ரோல் உறையில் ஒட்டி, பக்கத்தில் "இந்த நிறம்" என்று எழுதுவார். அந்த நாளில் கொடக் கம்பனி லாப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். 'ஷெர்லி' அட்டை என்பார்கள். அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி, அவ்வளவுதான் கணக்கு. மாமாவுக்கு ஷெர்லியைத் தெரியாது. எங்கள் பெண்டுகள் படத்தில் சாம்பல் பூசி வருகிறார்கள் என்பது மட்டும் தெரியும். அதற்குத்தான் அந்தத் துணித்துண்டு. மாமாவைப் பார்த்து யாரும் முற்றம் கோணல் என்று சொல்லவில்லை.

இன்றைக்கு என்ன நடக்கிறது? பெண்ணை இரண்டு படி வெள்ளையாக்கி, தோலை மெழுகாக்கி, வாவியை நீலச் சாயமாக்கிப் போடுகிற படத்துக்கு இதயக் குறி. நான் அந்தப் பிள்ளையின் மாநிறத்தை மாநிறமாகவே விட்டேன், அதைப் பற்றி ஒரு ஆள் ஒரு சொல் எழுதவில்லை. கூறை மட்டும்தான் கண்ணில் பட்டது. அந்த அண்ணனின் அல்பங்களில் மட்டக்களப்பில் மாநிறத்தில் ஒரு மணப்பெண்ணாவது இருக்கிறாரா என்று தேடிப் பார்த்தேன். இதற்கும் புரொஃபைலுக்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்கு இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அல்பத்தை அச்சுக்கு அனுப்பியது இரவு 2 மணிக்கு. ஃபோன் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். கண் எரிந்தது, அனுப்பிவிட்டேன். அது என் பிழை. ஆனால் அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு சொஃப்ட்வெயாரை நல்ல பிள்ளையாக்காதீர்கள்.

நேற்றுப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். தாயார் அல்பத்தை விரித்து, "இது எண்ட புள்ளட கூறையா மனே?" என்றார். கோபமில்லை, அதுதான் சுட்டது. மிச்சத் துணி இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய் தையல் பெட்டியைக் கிண்டி, ஜரிகை ஓரத்தோடு ஒரு துண்டு கொண்டுவந்து தந்தார். இப்போது அது என் மொனிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. 64 பக்கத்தையும் திரும்பத் திருத்துகிறேன், அச்சுச் செலவு என்னுடையது. 23ஆம் பக்கம் வரை வந்தாயிற்று.

கீழே யாராவது இன்னும் வைட் பலன்ஸ் என்று எழுதினால் ப்ளொக் பண்ணுவேன். லென்ஸ் வைத்திருக்கிறவர் மட்டும் இன்பொக்ஸுக்கு வரலாம்.