எங்கள் லைன் மேல் பழி போடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். "அப்பல்லாம் பீட்டா ஃபர்ம்வேரை நேரா லைவ்ல ஏத்திடுவோம், கஸ்டமர்தான் எங்க டெஸ்டர்" என்று, போன் லைனில் டயல் செய்து இன்டர்நெட் பார்த்த காலத்தில் ஒரு இன்டர்நெட் நிறுவனத்தில் இருந்த பழைய பொறியாளர் மேடையில் சொன்னார். முழுதாகச் சோதிக்காத மோடம் மென்பொருளைத்தான் பீட்டா ஃபர்ம்வேர் என்கிறார். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் வந்திருப்பேன். "கட்டாகுது கட்டாகுதுன்னு கத்துவாங்க, பாதிப் பேருக்கு லைனே சரி கிடையாது" என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அப்போது நான் புதுச்சேரி முதலியார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். கத்தியவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் லைன் சரியாகத்தான் இருந்தது. அதே லைன், அதே மோடம், வேறு நிறுவனத்தின் எண்ணுக்கு டயல் செய்தால் அன்றைய உச்ச வேகமான 56கே-யிலேயே மணிக்கணக்கில் நிற்கும். இவர்கள் எண்ணுக்குப் போட்டால் கீச்சென்று கத்தி, கரகரத்து, பாஸ்வேர்டு வரைக்கும் போய் விழுந்துவிடும். ராக்வெல் சிப் மோடம் என்பதால் செட்டிங்கில் ஏடி+எம்எஸ்=11 என்று ஒரு வரி சேர்த்து 56கே-வை அணைத்து, அதற்கு முந்தைய மெதுவான முறையான வி.34-க்கு இறக்கினேன். உடனே லைன் விழாமல் நின்றது. அப்படியென்றால் கோளாறு எங்கே இருந்தது? சென்டருக்கு வந்த கல்லூரிப் பையன்களுக்கே புரிந்தது இது. அடுத்த பீட்டாவை ஏற்றினார்கள், வி.34-ம் விழ ஆரம்பித்தது.

அந்தக் காலத்து அவசரம் எனக்குத் தெரியாததல்ல. 1997-ல் 56கே என்று இரண்டு முறைகள் மோதிக்கொண்டன. ராக்வெல்லும் லூசென்ட்டும் கே56ஃபிளெக்ஸ், யு.எஸ். ரோபாட்டிக்ஸ் எக்ஸ்2. 1998-ல்தான் வி.90 என்று பொதுத் தரம் வந்தது. எல்லோரும் அடித்துப் பிடித்து ஃபர்ம்வேர் எழுதினார்கள், ஒருவர் எழுதியது இன்னொருவர் சிப்போடு ஒத்துப்போகவில்லை. சரி. ஆனால் என் மோடம் கெட்டால் நான் ஒருவன்தான் விழுவேன். அவர்கள் பக்கம் இ1 என்ற ஒரே ஒரு டிஜிட்டல் போன் இணைப்பிலேயே 30 பேர் பேசுவார்கள். அங்கே பீட்டாவை ஏற்றினால் 30 பேரும் விழுவார்கள். அதை யாரிடமும் சொல்லாமல் ஏற்றியதுதான் என் புகார். சொல்லாமல் ஏற்றினீர்கள், அப்புறம் லைன் மேல் பழி போட்டீர்கள்.

பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவ, பென்ஷன்காரர் ஒருவரின் மனைவி வாரம் தவறாமல் வருவார். பாரிஸில் இருக்கும் மகன் பேத்தியின் படத்தை மெயிலில் அனுப்புவான். 300 கேபி இருக்கும், லைன் நின்றால் ஒன்றரை நிமிட வேலை. மேலிருந்து வரி வரியாக இறங்கி, நெற்றி தெரியும்போது கட்டாகும். மறுபடி டயல், மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு டயலுக்கும் போன் மீட்டரில் யூனிட் ஏறும், அது என் செலவு. "பரவாயில்ல தம்பி, கண்ணு வரைக்கும் பாத்துட்டேன், மீதிய நாளைக்குப் பாத்துக்கறேன்" என்பார். காசு வேண்டாம்மா என்றாலும் மேசை மேல் வைத்துவிட்டுத்தான் போவார். அந்த அம்மாவா உங்கள் டெஸ்டர்? அவரிடம் யார் கேட்டீர்கள்?

சோதிக்காமல் தொழில்நுட்பம் எப்படி வளரும் என்று கேட்பீர்கள். சோதியுங்கள். ஒரு இ1-ஐத் தனியாக ஒதுக்கி, அதற்கு வேறு எண் கொடுத்து, "இது சோதனை எண், விருப்பமுள்ளவர்கள் வரலாம்" என்று அறிவித்திருந்தால் நானே முதல் ஆளாக வந்திருப்பேன். எந்த மோடத்தில் எந்த நொடியில் விழுகிறது என்று எழுதியும் கொடுத்திருப்பேன். பொது எண்ணில் பழைய ஃபர்ம்வேர் பாட்டுக்கு ஓடியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்புக் கம்பி இரையத்தானே செய்யும் என்று ஒரு நண்பர் அங்கேயே சொன்னார். இரையும். இரைந்தால் வி.34 தானாகவே 28.8, 26.4 என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும். அது அதற்காகவே செய்யப்பட்டது. சித்திரை வெயிலில் எங்கே மழை?

வேறு நிறுவனத்துக்கு மாறியிருக்கலாமே என்கிறவர்களுக்கு: மணிக்கணக்கை முன்பணம் கட்டி வாங்கியிருந்தேன். திருப்பித் தருவார்களா?

இதைவிட வலிப்பது ஒன்று உண்டு. ஒவ்வொரு அழைப்பும் எத்தனை நொடி நின்றது, எதனால் துண்டானது என்று அவர்கள் சர்வரிலேயே பதிவாகும். ரேடியஸ் கணக்கு என்று அதற்குப் பெயர், பில் போடுவதே அதை வைத்துத்தான். ஆக, அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் "உங்க லைன்ல நாய்ஸ் சார், டெலிபோன் ஆபீஸ்ல சொல்லுங்க" என்றார்கள். நான் போய்ச் சொன்னேன். லைன்மேன் வெயிலில் வந்து கம்பம் ஏறி, ஜாயின்ட்டைப் பிரித்துக் கட்டி, "லைன் நல்லாத்தான் இருக்குண்ணே" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்த மனிதரை ஏன் அலைய விட்டீர்கள்?

இருபத்தைந்து வருஷக் கதையை இன்னும் பிடித்துத் தொங்குகிறாயே என்று யாரும் எழுதாதீர்கள். இப்போது வீட்டில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் வருகிறது. காலையில் வைஃபை இல்லை, போன் செய்தால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்". அப்டேட் போட்டோம் என்று ஒரு குறுஞ்செய்தி கிடையாது.

அந்த நிறுவனம் எது, அந்தப் பொறியாளர் யார் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அவர் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கும் நான் வருவேன். மேடையில் வேண்டாம், டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னால் போதும், அது எங்கள் லைன் இல்லை என்று.