கவ்ஸ் வாரத்துக்கு வாடகைப் படகில் போகிறவர்கள் காசை எதில் போட வேண்டும்

ஆகஸ்ட் வந்தால் வெளியூர்க் குழுக்கள் இங்கிலாந்தின் தெற்கே உள்ள சோலன்ட் நீரிணைக்குக் கிளம்பிவிடும். 1826இல் ஏழு படகுகளோடு தொடங்கிய, வைட் தீவின் கவ்ஸ் ஊரில் நடக்கும் கவ்ஸ் வாரப் பாய்மரப் படகுப் பந்தயம் இப்போது சனி முதல் வெள்ளி வரை ஏழு நாள், நூற்றுக்கணக்கான படகுகள். ஜே 70 போன்ற கீல் (படகின் அடியில் கீழிறங்கும் கனத்த தகடு) வைத்த படகை வாடகைக்கு எடுத்து, நான்கைந்து பேர் சேர்ந்து, புதுப் பாய் வாங்கி, பேர் பெற்ற ஒரு டாக்டீஷியனையும் (எந்தப் பக்கம் போவது என்று சொல்பவர்) கூட்டிக்கொண்டு வருவார்கள். வாரக் கடைசியில் தரவரிசையின் நடுவில் எங்கேயோ நிற்பார்கள். கேட்டால் படகு மெதுவாம், காற்று சரியில்லையாம்.

படகு மெதுவே இல்லை. தண்ணீரைப் படிக்காமல் வந்ததுதான் பிரச்சினை. புதுப் பாய்க்குச் செலவழிக்கிற காசில் பாதியைப் போட்டு, இரண்டு நாள் முன்னதாக வந்து, உள்ளூரில் படகோட்டுகிற ஒருவரைக் கூடவே ஏற்றிக்கொண்டு பயிற்சி எடுத்தால் போதும். பாய்க்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சென்னைத் துறைமுகத்தில் கடல் ஏற்றவற்றத்தின் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். போர்ட்ஸ்மவுத்தில் அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் அது 4 மீட்டர் அளவுக்குப் போகும். அவ்வளவு தண்ணீரும் வைட் தீவுக்கும் இங்கிலாந்துக் கரைக்கும் நடுவே உள்ள குறுகலான வாய்க்கால் வழியாகத்தான் போய் வர வேண்டும். அந்த நாட்களில் நடு நீரோட்டம் சாதாரணமாக 3 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஓடும். காற்று 6 நாட் வீசும்போது ஒரு ஜே 70 காற்றை எதிர்த்து நேராக முன்னேறுவதும் ஏறக்குறைய 3 நாட்தான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாய் நிறைந்திருக்கும், படகின் பக்கவாட்டில் நுரை ஓடும், கரையில் தெரிகிற கோட்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். புதுப் பாய் கூடுதலாகத் தருவது பெரிதாகப் போனால் 0.1 நாட்.

இதில் வெளியூர்க்காரர்கள் தவறவிடுகிற முக்கியமான விஷயம், ஏற்றம் உச்சத்தைத் தொடுகிற நேரம் நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகிறது என்பது. சனிக்கிழமை போர்ட்ஸ்மவுத்தில் பகல் 12.30க்கு ஏற்றம் உச்சம் என்று வைத்துக்கொள்வோம். சோலன்டின் நடுவில் நீரோட்டம் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே மேற்கே திரும்பிவிடும். ஆக 11.30இலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் மேற்கே போகும். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த உச்சம் மாலை 5.30 வாக்கில் வரும். அன்று பந்தய நேரத்தில் பெரும்பகுதி தண்ணீர் கிழக்கே போகும். சனிக்கிழமை எந்தப் பக்கம் ஜெயித்ததோ அதே பக்கம் வெள்ளிக்கிழமை கவிழ்த்துவிடும். முதல் இரண்டு நாளில் கற்றதை வேதமாக எடுத்துக்கொண்ட குழு கடைசி இரண்டு நாளில் சரிகிறது. அஷ்டமி நெருங்க நெருங்க நீரோட்டம் தளர்ந்துவிடுவதால், வாரத்தின் பிற்பகுதியில் கரையோரம் ஒட்டிப் போனதுக்குப் பலனே கிடைக்காமலும் போகலாம். நம்ம வீட்டுத் தினசரி காலண்டர் தாளே இதில் பாதியைச் சொல்லிவிடும். மீதிக்கு, நீரோட்டத்தின் திசையையும் வேகத்தையும் மணிவாரியாகக் காட்டும் நீரோட்ட அட்லஸ் இருக்கிறது. ஏழு நாளுக்கும் மணிவாரியாக எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, படகோட்டியின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

கரையோரத்தில் தண்ணீர் பெரும்பாலும் மெதுவாகவே ஓடும், திரும்பும்போதும் முதலில் அங்கேதான் திரும்பும். அதனால்தான் எதிர்நீரோட்டத்தில் எல்லாரும் கவ்ஸ் புல்வெளி ஓரத்தை உரசிக்கொண்டு போகிறார்கள். ஜே 70இன் கீல் 1.45 மீட்டர் ஆழம் இறங்கும். கவ்ஸுக்கு மேற்கே எகிப்து முனையைத் தாண்டி கர்னார்ட் பக்கம் பாறைத் திட்டு இருக்கிறது, அங்கே இடித்தால் கீல் ஓரம் பெயர்ந்து, வாடகைக்குக் கட்டிய முன்பணமும் அதோடு போகும். உள்ளூர்ப் படகின் பின்னாலேயே போகலாமே என்பார்கள். முன்னால் போகிற படகின் கீல் நம்முடையதை விடக் குட்டையாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஆழமானியில் 2.5 மீட்டர் காட்டினால் திரும்பிவிடுவது என்று முதல் நாளே முடிவு செய்து, எண்ணை உரக்கச் சொல்ல ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று செத்துவிட்டால் நங்கூரம்தான். பந்தயத்தின் நடுவில் நங்கூரம் போடுவதா என்று புதியவர்கள் முழிப்பார்கள். பாய்மரப் பந்தய விதி 45 அதை அனுமதிக்கிறது, கவ்ஸில் அது அன்றாடக் காட்சி. செய்கிற விதம் முக்கியம். தண்ணீரில் படகு ஓடும் வேகத்தைப் பார்க்காதீர்கள், ஜி.பி.எஸ். காட்டுகிற தரை வேகத்தைப் பாருங்கள். அது 0.3 நாட் அளவுக்கு இறங்கியதும் ஒருவர் நங்கூரத்தைக் காற்று வருகிற பக்கமாக முன்னால் எடுத்துப்போக வேண்டும். கயிற்றைச் சுருளாக வைக்காமல் பையில் திணித்து வைத்திருந்தால் சிக்காமல் ஓடும். மறுமுனை பாய்மரத்தின் அடியில் கட்டப்பட்டிருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு நங்கூரத்தையும் கயிற்றையும் மொத்தமாகக் கடலுக்குத் தாரைவார்த்த குழுக்கள் உண்டு. சத்தமில்லாமல் கையால் இறக்குங்கள், எறியாதீர்கள். எறிந்தால் பக்கத்துப் படகுக்காரன் தலையைத் திருப்பி அவனும் போட்டுவிடுவான். சத்தமில்லாமல் நின்றால், அவன் பின்னோக்கிப் போகிறான் என்பது அவனுக்கே ஐந்து நிமிடம் கழித்துத்தான் உறைக்கும். 8 மீட்டர் ஆழத்துக்கு 25 மீட்டருக்குக் குறையாமல் கயிறு விட வேண்டும். படகு பின்னால் நகரத் தொடங்கிய பிறகு போட்டால் கயிறு கீலுக்கடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும், அப்புறம் அன்றைய பந்தயத்தை மறந்துவிடலாம். காற்று வந்ததும் நங்கூரத்தை எடுத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். ஆனால் அதைத் தூர எறிந்து கயிற்றை இழுத்தே முன்னேறுவது விதி 42இன்படி குற்றம்.

குறிமிதவையை (பந்தயப் பாதையைக் காட்டும் மிதவை) சுற்றும்போதும் இதே கதை. மிதவைக்குப் பின்னால் கரையில் தெரிகிற ஒரு மரத்தையோ வீட்டையோ அதோடு ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டும் விலகாமல் இருந்தால் படகு நேராகப் போகிறது. கரை விலகத் தொடங்கினால் நீரோட்டம் உங்களை இழுக்கிறது, உடனே திருத்துங்கள். கவ்ஸில் பல குறிகள் கப்பல்களுக்கான இரும்பு மிதவைகள். அதில் போய் மோதினால் தண்டனையாகப் படகை ஒரு சுற்றுச் சுற்றுவதோடு முடியாது, படகின் பக்கத்தில் ஓட்டை விழும்.

தொடக்கக் கோட்டில் நீரோட்டம் கோட்டுப் பக்கமாகத் தள்ளும் நாளில் பாதிக் கூட்டம் முன்கூட்டியே கடந்து நிற்கும். ஐ கொடி ஏறியிருந்தால், கடைசி ஒரு நிமிடத்தில் கடந்தவர் கோட்டின் முனையைச் சுற்றி வந்துதான் மறுபடி தொடங்க முடியும். எதிர்நீரோட்டத்தில் அது பத்து நிமிட வேலை. அப்படிப்பட்ட நாளில் ஒரு படகு நீளம் பின்தங்கித் தொடங்குவது கேவலமில்லை.

கப்பல் விஷயத்தில் மட்டும் விளையாட்டே வேண்டாம். 150 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலுக்கு முன்னால் 1,000 மீட்டரும் இருபக்கமும் 100 மீட்டரும் யாரும் நுழையக் கூடாத பகுதி. அது கப்பலோடு சேர்ந்து நகரும். சவுத்தாம்ப்டன் போகிற கப்பல் கிழக்கிலிருந்து வந்து, பிராம்பிள் மணல்திட்டின் தெற்கே மேற்கு நோக்கி நேராகப் போவது போலத் தெரியும். புதியவர்கள் அது அப்படியே போய்விடும் என்று நினைத்து வடக்கே ஒதுங்குவார்கள். கப்பலோ திட்டின் மேற்கு முனையில் வலப்பக்கம் கூர்மையாகத் திரும்பி, ஒதுங்கியவர்கள் மேலேயே வரும். 2011இல் ஹன்னே நூட்சன் என்ற எண்ணெய்க் கப்பலின் குறுக்கே சிக்கிய படகின் ஸ்பின்னேக்கர் (முன்னால் உப்பி நிற்கும் பெரிய பாய்) கப்பலின் நங்கூரத்தில் மாட்டிக்கொண்டது, பாய்மரம் முறிந்தது. முன்னே வருகிற துறைமுக ரோந்துப் படகு கைகாட்டினால், பந்தயத்தில் எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

வாடகைப் படகை வாங்கும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கீல், சுக்கான் ஓரங்களில் இருக்கிற ஒவ்வொரு கீறலையும் கையெழுத்துப் போடும் முன் போட்டோ எடுங்கள். சுக்கானைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், பொருத்தில் ஆட்டம் இருந்தால் பலத்த காற்றில் கைக்குக் கட்டுப்படாது. பாய் ஏற்றும் கயிறுகள் கவ்வியில் பிடிபடும் இடத்தில் உறை பிய்ந்திருக்கும், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். உயிர்காப்பு ஜாக்கெட்டின் வாயு உருளை இறுக்கமாக இருக்கிறதா, தேதி கடந்துவிட்டதா என்று பாருங்கள். பக்கக் கம்பிகளின் இழுவையைக் கரையிலேயே அளந்து குறித்துவிடுங்கள், ஏனென்றால் ஜே 70இல் பந்தயம் தொடங்கிய பிறகு பின்கம்பியைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. கடற்புல் சிக்குவது இங்கே தீராத தொல்லை. ஒரு நீளமான கயிற்றின் நடுவில் முடிச்சுகள் போட்டு வைத்துக்கொண்டு, இருவர் இருபக்கமும் பிடித்து முகப்பிலிருந்து கீல் வரை கொண்டுவந்து இறக்கினால் புல் கழன்றுவிடும்.

டிரெய்லரில் படகைக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று. சவுத்தாம்ப்டனிலிருந்து வாகனங்கள் ஏறும் ஃபெர்ரி கிழக்கு கவ்ஸில் இறக்கிவிடும், பந்தயச் சந்தடியெல்லாம் மெதினா ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேற்கு கவ்ஸில். நடுவில் சங்கிலி ஃபெர்ரி ஓடினாலும் டிரெய்லரோடு அதை நம்பி வராதீர்கள். நியூபோர்ட் பாலம் வழியாகச் சுற்றி வரத் திட்டமிட்டு, ஃபெர்ரியில் பதிவு செய்யும்போது வண்டியோடு டிரெய்லரையும் பாய்மரத்தின் நீட்டத்தையும் சேர்த்து நீளம் கொடுங்கள்.