ஜான் லெ மெஷரருக்கு ஒரே முகம்தானா?

இரண்டாம் உலகப் போர்க்கால ஊர்க்காவல் படையைப் பற்றிய பிபிசி நகைச்சுவைத் தொடரான 'டாட்ஸ் ஆர்மி'யில் சார்ஜென்ட் வில்சனாக நடித்த ஜான் லெ மெஷரர், கடைசிவரை நகைச்சுவையைத் தாண்டவில்லை, பெரிய விருதும் வாங்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. 1971-இல் பிபிசியில் வந்த டென்னிஸ் பாட்டரின் 'டிரெய்ட்டர்' நாடகத்தில், மாஸ்கோவுக்கு ஓடிப்போன ஆங்கிலேய உளவாளியாக நடித்தார். குடியும் கசப்புமாக உடைந்துபோகும் வேடம். அதற்காக 1972-இல் பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவில் சிறந்த தொலைக்காட்சி நடிகர் விருது கிடைத்தது.

வில்சனாக அவர் 'அவராகவே' வந்தார் என்பது சரி, அவரே அப்படித்தான் சொன்னார். ஆனால் வில்சனின் மேலதிகாரியாக நடித்த ஆர்தர் லோ கத்திக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்று மெல்ல "இது புத்திசாலித்தனமா, சார்?" என்று கேட்டே காட்சியைத் தன் பக்கம் இழுப்பாரே, அது சும்மா வருமா? இன்னொன்று: திரையில் சார்ஜென்ட், நிஜப் போரில் அவர் கேப்டன்!