தண்டவாளம் குத்தகைக்கு, நெரிசல் எங்களுக்கு

டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் இருந்து சான் அன்டோனியோ 80 மைல். போன வெள்ளிக்கிழமை அதற்கு எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. முன்னால் லாரி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் லாரி. ஐ-35 நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான். இதில் ஏராளமானவை மெக்சிகோ எல்லையில் இருக்கும் லரேடோவுக்குப் போகிறவை, இல்லை அங்கிருந்து வருகிறவை. சாலைக்குத் துணையாகவே தண்டவாளமும் ஓடுகிறது. அப்புறம் ஏன் இத்தனை சரக்கும் சாலையில் வருகிறது?

1995-இல் மெக்சிகோ தன் அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவைத் திருத்தி, ரயில்வேயில் தனியாரை அனுமதித்தது. மெக்சிகோ நாணயமான பெசோ சரிந்து நாடே திணறிக்கொண்டிருந்த நேரம். ரயில்வேயைத் துண்டு துண்டாகப் பிரித்து, 50 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். மெக்சிகோ நகரம், மொண்டெர்ரே, லரேடோவுக்கு எதிர்ப்புறம் இருக்கும் நுவோ லரேடோ என்று போகும் வடகிழக்குப் பாதைதான் பொன் விளையும் பாதை. அமெரிக்க ரயில் நிறுவனமான கான்சஸ் சிட்டி சதர்னும் மெக்சிகோ கூட்டாளி ஒன்றும் அதை எடுத்தன. 2005-இல் அது முழுக்கக் கான்சஸ் சிட்டி சதர்ன் கைக்கு வந்தது. 2023-இல் அந்த நிறுவனமும் கனடியன் பசிபிக்கோடு இணைந்துவிட்டது. இன்று கனடாவில் இருந்து மெக்சிகோ வரை ஒரே நிறுவனத்தின் தண்டவாளம்.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அரசு நடத்தியபோது அந்த ரயில்வே பெரும் நஷ்டத்தில் இருந்தது. தனியார் வந்து பத்தாண்டுக்குள் சரக்குப் போக்குவரத்து ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆனால் பயணிகள் ரயில்கள் ஒன்றிரண்டு தவிர எல்லாம் நின்றுபோயின. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள்.

என் கோபம் வேறு இடத்தில். லாபம் பார்க்கும் நிறுவனம் தனக்கு வசதியான சரக்கைத்தான் தேடும். மக்காச்சோளம், எஃகு, புதுக் கார்கள் என்று ஒரே ரயிலில் நெடுந்தூரம் போகிறவை. தொழில் நகரமான மொண்டெர்ரேயில் இருந்து எல்லை 220 கிலோமீட்டர்தான். அவ்வளவு குறைந்த தூரத்துக்கு ஏற்றி இறக்குகிற செலவு கட்டாது. அதனால் தொழிற்சாலை உதிரிபாகங்கள் லாரிக்கே போகின்றன. மதிப்பை வைத்துப் பார்த்தால் இரு நாட்டுக்கும் இடையே தரைவழிச் சரக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் லாரியில்தான். லரேடோ வழியாக மட்டும் ஆண்டுக்கு 25 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகள் அமெரிக்காவுக்குள் நுழைகின்றன. ஒரு டிரெய்லர் சரக்குக்கு மூன்று வண்டிகள் வேறு: எல்லை வரை ஒன்று, எல்லை ஆற்றுப் பாலத்தைக் கடக்க மட்டும் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.

ரயில் பாலத்தின் கதையையும் சொல்ல வேண்டும். லரேடோவில் நூறாண்டு கடந்த பாலம், ஒற்றைத் தண்டவாளம். வடக்கே போகும் ரயில்களும் தெற்கே போகும் ரயில்களும் முறை வைத்துத்தான் கடக்க முடியும். 2018 வரை பாலத்தின் மேலேயே ரயிலை நிறுத்தி ஓட்டுநர் குழுவை மாற்றினார்கள். இரண்டாவது பாலம் 2025 தொடக்கத்தில்தான் திறந்தது. குத்தகைக்கு விட்டு ஏறக்குறைய 28 ஆண்டு கழித்து! அத்தனை ஆண்டும் அந்தத் தாமதத்துக்கு யார் விலை கொடுத்தது? சாலையில் நின்ற நாங்கள்தான்.

இப்போது ஆஸ்டின் நடுவே இதே ஐ-35-இன் 8 மைலை அகலப்படுத்த 450 கோடி டாலர். அது பொதுப்பணம். அதற்காக வீடுகளும் கடைகளும் இடிபடுகின்றன. ஐ-35 நெரிசலைக் குறைக்கக் கிழக்கே போட்ட 130-ஆம் எண் டோல் சாலைக்கு லாரிகள் போதுமான அளவு போகவில்லை. அதன் தெற்குப் பகுதியை நடத்திய தனியார் நிறுவனம் 2016-இல் திவால் மனு போட்டது.

குத்தகையை எழுதியது ஒரு நாடு, நெரிசல் இன்னொரு நாட்டில். எல்லை தாண்டும் தண்டவாளத்தை யாரிடம் கொடுத்தாலும், ஒரு நாளைக்கு எத்தனை கன்டெய்னர் ரயில் ஓட வேண்டும், பாலத்தில் எந்த ஆண்டுக்குள் இரண்டாவது தண்டவாளம் வர வேண்டும் என்பதை இரண்டு அரசுகளும் சேர்ந்து எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். 2024-இல் மெக்சிகோ அதே 28-ஆவது பிரிவை மறுபடி திருத்தி, பயணிகள் ரயிலை அரசே நடத்தலாம் என்று ஆக்கிவிட்டது. நுவோ லரேடோவுக்குப் பயணிகள் பாதை போடும் வேலையும் நடக்கிறது. பயணிகளுக்காகச் சட்டத்தையே மாற்ற முடிந்தவர்கள், சரக்குக் குத்தகையில் இரண்டு வரி சேர்க்கவும் முடியும். அதை இங்கிருந்து கேட்க வேண்டியது டெக்சஸ் அரசு.