வீட்டில் கார் ஓட்டாதவர் யார்?

நான்கு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே கதைதான். ரொறன்ரோவுக்குக் கிழக்கே தள்ளி இருக்கிற ஒஷாவா நகருக்குப் போவதா, ரொறன்ரோவுக்குள் ஸ்காபரோவிலேயே இருப்பதா. சாப்பாட்டு மேசையில் தொடங்கி படுக்கப் போகும்வரை நீள்கிறது. இதே யோசனையில் இருக்கிற குடும்பங்கள் பல எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மார்க்கம் வீதியும் எக்ளின்டனும் சந்திக்கும் இடத்துக்குக் கிட்ட ஓர் அடுக்குமாடியில் பதினொரு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு அறை. நானும் கணவரும் ஒன்றில், அம்மாவும் ஒன்பது வயது மகளும் மற்றதில். பதினைந்து வயது மகன் ஹோலில் படுக்கிறான். அவன் படிக்க வேண்டுமென்றால் நாங்கள் தொலைக்காட்சியை நிறுத்த வேண்டும். அம்மா விடியப்புறம் எழும்பித் தேத்தண்ணீர் போட்டால் அவன் விழித்துவிடுவான். வீடு வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு பேச்சு இல்லை. எங்கள் இரண்டு சம்பளத்துக்கு ரொறன்ரோவுக்குள் அப்படி ஒரு வீடு கிடைக்காது என்பதும் தெரிந்துவிட்டது.

எல்லோரும் போடுகிற கணக்கைத்தான் நாங்களும் முதலில் போட்டோம். 800,000 டொலர் வீட்டுக்குக் குறைந்தபட்ச முற்பணம் 55,000 டொலர். ஒன்ராறியோ மாகாணத்தின் நில மாற்று வரி 12,475. அதே விலை வீடு ரொறன்ரோ எல்லைக்குள் இருந்தால் மாநகரத்துக்கும் இன்னொரு 12,475 கட்ட வேண்டும். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு மாகாணம் 4,000 வரையும் மாநகரம் 4,475 வரையும் கழித்துவிடும். அப்படிக் கழித்தும் வித்தியாசம் பெரிது. ஆனால் ஒஷாவாவில் வருடாந்தச் சொத்துவரி வீதம் ரொறன்ரோவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாங்கும் நாளில் மிச்சம் பிடித்ததை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டுவோம். நாங்கள் சந்தித்த முகவர்களில் ஒருவர்கூட இதைத் தானாகச் சொல்லவில்லை. நாங்கள் கேட்டபிறகுதான் சொன்னார்கள்.

என் நண்பி ஒருத்தி 2022 தொடக்கத்தில், விலை உச்சத்தில் நின்றபோது, ஒஷாவாவும் அடங்கிய டராம் பிராந்தியத்தில் வாங்கினாள். மாறும் வட்டிக்குத்தான் மோட்கேஜ் எடுத்தாள். கனடா வங்கியின் வட்டி வீதம் அப்போது 0.25 சதவீதம். அடுத்த வருடம் ஜூலைக்குள் 5 சதவீதமானது. அதைக்கூடச் சமாளித்துவிட்டேன் என்கிறாள். அவளைக் களைக்க வைத்தது பயணம். வாங்கும்போது வாரம் ஐந்து நாளும் வீட்டிலிருந்து வேலை. இனி உலகமே இப்படித்தான் என்று அன்றைக்கு நாங்கள் எல்லோரும் நம்பினோம். பெரிய வங்கிகள் பல 2025 இல் நான்கு நாள் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டன. மாகாண அரசு தன் ஊழியர்களை 2026 ஜனவரியிலிருந்து ஐந்து நாளும் அழைத்துவிட்டது. அவள் இப்போது விடிய நாலேமுக்காலுக்கு எழும்புகிறாள். என் அலுவலகத்தில் இன்னும் மூன்று நாள்தான். ஆனால் ஐந்து நாள் என்று வைத்துத்தான் நான் கணக்குப் போட்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். முதலாளி நாளைக்கு மாற்றக்கூடிய ஒன்றை நம்பி இருபத்தைந்து வருடக் கடனில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குப் போகிறோம். 401 நெடுஞ்சாலை வெறிச்சென்று இருக்கும். நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டு, இவ்வளவுதானா என்று நினைப்போம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பிறகு பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் தனியாக ஒரு காரியம் செய்தேன். எங்களுக்குப் பிடித்துப்போயிருந்த வடக்கு ஒஷாவா வீட்டின் முன் காரை நிறுத்தி மணி பார்த்தேன். ஆறு ஐந்து. அங்கிருந்து ரொறன்ரோவுக்குப் போகும் கோ என்ற புறநகர் ரயிலின் நிலையத்துக்கு ஓட்டினேன். ஒஷாவா நிலையம் நகரின் நடுவில் இல்லை, தென்மேற்கு மூலையில், பக்கத்து ஊரான விற்பியின் எல்லைக்குக் கிட்ட இருக்கிறது. சேர்வதற்கே இருபத்தைந்து நிமிடம். வாகனம் நிறுத்த இடம் தேடி, பனிச்சேற்றில் நடந்து மேடைக்கு வந்து, ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்து, ரொறன்ரோ நகர மையத்து யூனியன் நிலையத்திலிருந்து நடந்து என் மேசையில் உட்கார்ந்தபோது ஏழு ஐம்பத்தைந்து. பின்னேரம் திரும்பி வர, பனி கொட்டியதில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. அந்த ஒரு நாள் எனக்குச் சொல்லித் தந்ததை இருபது ஓப்பன் ஹவுஸ் சொல்லித் தந்திருக்காது.

ரயில்பாதை நகருக்குள் நீளப்போகிறது, ரிட்சன் வீதியில் புது நிலையம் வரும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். திட்டம் உண்மைதான். ஒஷாவாவுக்குக் கிழக்கே உள்ள போமன்வில் வரை பாதை நீளும் என்று 2016 இல் அறிவித்தார்கள், 2024 இல் ஓடும் என்றார்கள். அந்த 2024 வந்து போய்விட்டது. இன்றைக்கு ஓடுகிற ரயிலை வைத்துத்தான் நான் வீடு வாங்குவேன். 407 என்ற கட்டண நெடுஞ்சாலையின் கதையும் அப்படித்தான். 2025 ஜூன் முதலாம் தேதியிலிருந்து கட்டணம் இல்லை என்பது சரி, ஆனால் அது பிக்கரிங்கின் புரொக் வீதிக்குக் கிழக்கே உள்ள பகுதிக்கு மட்டும். மார்க்கம் நகரில் வேலைசெய்யும் இவர் அந்த இடத்தில் இறங்கி வேறு வீதி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும்.

சரி, இவையெல்லாம் எங்களைப் பற்றிய கணக்கு. நானும் இவரும் கார் ஓட்டுகிறவர்கள், சம்பளம் எடுக்கிறவர்கள், களைத்தாலும் சமாளிப்போம். வீட்டில் மற்ற மூன்று பேருக்கும் என்ன நடக்கும் என்று நாங்கள் கேட்கவே இல்லை. இதுதான் நாங்கள் விட்ட பெரிய பிழை.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. வடமராட்சியில் முப்பது வருடம் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்ப் படிப்பித்தவர். இங்கே வந்து கார் பழகவில்லை, இனிப் பழகப்போவதும் இல்லை. ஆனால் மார்க்கம் வீதி பஸ் அவருக்கு அந்தச் சைக்கிள் மாதிரி. செவ்வாய்க்கிழமை நூலகத்தில் முதியோர் கூட்டம். வியாழன் தமிழ்க் கடை, முருங்கைக்காய் புதிதாக வந்திருக்கிறதா என்று பார்க்க. வெள்ளி கோயில். தமிழ் கதைக்கும் டொக்டரிடம் தன்பாட்டில் போய், தன் வருத்தத்தைத் தன் வாயால் சொல்லி, மருந்துத் துண்டோடு வருவார். ஆங்கிலம் குறைவு, ஆனால் எந்த பஸ் எங்கே திரும்பும் என்று என்னைவிட அவருக்கு வடிவாகத் தெரியும். யாரிடமும் கேட்டு நிற்காமல் வெளியே போய் வர முடிகிறது என்பதில்தான் அவருடைய மரியாதை இருக்கிறது. இதை நான் இத்தனை வருடம் பக்கத்திலிருந்தும் கவனிக்கவில்லை.

கவனிக்க வைத்தது ஒரு பயணம். தெரிந்தவர்கள் வேறொரு நகரின் வடக்கு விளிம்பில் புதுக் குடியிருப்பில் வீடு வாங்கியிருந்தார்கள். பார்க்கப் போனோம். நான்கு அறை, உயரமான கூரை, பளிங்கு போட்ட குசினி. அந்த வீட்டு அம்மா எங்கள் அம்மாவின் கையைப் பிடித்தபடியே இருந்தார். நாங்கள் வெளிக்கிடும்வரை விடவில்லை. "பகல் முழுக்க ஒரு மனிசரையும் காணக் கிடைக்காது தங்கச்சி. தபால்காரன்கூட வீட்டுக்கு வாறதில்லை" என்றார். அந்தப் புதுக் குடியிருப்புகளில் தபாலைத் தெரு முனையில் உள்ள பொதுப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் விடிய இருட்டில் போய் இரவு இருட்டில் வருகிறவர்கள். நல்ல பிள்ளைகள்தான், அம்மாவுக்கென்று தனி அறை, தனிக் குளியலறை எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது காரில் அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றைக்கு இரவு ஒஷாவா வரைபடத்தைத் திரும்ப விரித்தோம். இம்முறை கேள்வி வேறு. அம்மா வாசலிலிருந்து நடந்து போய் எங்கே பஸ் பிடிக்கலாம்? மகன் எங்களைக் கேட்காமல் எங்கே போய் வரலாம்?

எங்களுக்குப் பிடித்துப்போயிருந்த வீடு ஒஷாவாவின் வடக்கில், வின்ட்ஃபீல்ட்ஸ் பக்கம். அந்த இடம் முன்பு பெரிய குதிரைப் பண்ணை. 1964 இல் கென்டக்கி டார்பியை வென்ற நோர்தர்ன் டான்சர் என்ற குதிரை பிறந்ததும் புதைக்கப்பட்டதும் அங்கேதான். இப்போது பல்கலைக்கழகம், பெரிய கடைகள், வரிசை வரிசையாகப் புது வீடுகள். வடிவான இடம்தான். ஆனால் நாங்கள் பார்த்த தெருவிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு எழுபத்திரண்டு வயதுக்காரர் பனியில் நடக்கிற தூரம் இல்லை.

ஒஷாவாவின் சிம்கோ வீதியில் கதை வேறு. நகரத்தின் வடக்கையும் தெற்கையும் இணைத்து 901 பஸ் ஓடுகிறது. நகர மையத்தில் இறங்கி 900 பிடித்தால் விற்பி, ஏஜாக்ஸ், பிக்கரிங் எல்லாம் கடந்து ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் வரை வருகிறது. அங்கே எல்ஸ்மியர் வீதி வழியாகப் போகும் ரிரிசி என்ற ரொறன்ரோ மாநகர பஸ்ஸில் ஏறினால் மார்க்கம் வீதி. 2024 பெப்ரவரி 26 இலிருந்து டராம் பஸ்ஸிலிருந்து ரிரிசிக்கு மாறினால், இரண்டு மணி நேரத்துக்குள் என்றால், இரண்டாவது கட்டணம் இல்லை. பிரெஸ்டோ என்ற பயண அட்டை ஒன்று போதும். ஒஷாவாவைப் பற்றி விசாரித்த நான்கு மாதத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வீடு விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் கார் ஓட்டுகிறவர்கள், அவர்கள் கண்ணுக்கு பஸ் தெரிவதில்லை.

மகனுக்கும் அந்த வீதி பொருந்துகிறது. ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகம், டராம் கல்லூரி இரண்டும் அதே பஸ் பாதையில். அவனுக்கு ஹொக்கி பைத்தியம், ஒஷாவா ஜெனரல்ஸ் விளையாடும் அரங்கு நகர மையத்தில்தான்.

எனக்கும் ஒரு கட்டளை போட்டுக்கொண்டேன். இரண்டு வருடத்துக்குள் என் வேலையை அங்கேயே தேடிக்கொள்ள வேண்டும். நான் பார்ப்பது கணக்குப் பிரிவு வேலை, மருத்துவமனையிலும் இருக்கிறது, கல்லூரியிலும் இருக்கிறது. ஒஷாவா வெறும் படுக்கிற ஊராகத் தொடங்கியது அல்ல. மக்லாஃப்லின் குடும்பத்தின் குதிரைவண்டிப் பட்டறை 1876 இல் அங்கே வந்து, பிறகு கார் செய்து, 1918 இல் ஜெனரல் மோட்டர்ஸ் கனடாவாக மாறியது. 2019 டிசம்பரில் அங்கே வாகனம் செய்வது நின்றது, 2021 இல் திரும்பத் தொடங்கியது. எழுந்தும் விழுந்தும் வந்த ஊர் அது. நகர மையத்தில் வீடில்லாமல் தெருவில் இருப்பவர்களை நிறையவே பார்த்தோம். அம்மா முதல்நாள் பயந்தார். ரொறன்ரோவிலும் அதே துன்பம் இருக்கிறது என்பதால் அதை ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு விலக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

சொந்தக்காரர்கள் சொல்வது ஒன்றுதான். "ஒஷாவாவோ? அங்கே எங்கட ஆட்கள் இல்லையே." எண்பதுகளில் வந்தவர்கள் ரொறன்ரோ நடுவிலுள்ள சென்ட் ஜேம்ஸ் டவுன் மாடிகளில் இருந்தபோது ஸ்காபரோவைப் பற்றி இதையேதான் சொன்னார்களாம். பிறகு மார்க்கத்தைப் பற்றிச் சொன்னார்கள். பிறகு ஏஜாக்ஸைப் பற்றி. இன்றைக்கு ஏஜாக்ஸில் இடியப்பம் வாங்கக் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. எங்கட ஆட்கள் வருவார்கள். அவர்கள் வரும்வரை அம்மா பழைய இடத்துக்குத் தன்பாட்டில் போய் வர வழி இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

ஆகவே எங்கள் முடிவு இது. வின்ட்ஃபீல்ட்ஸ் பக்கத்து நான்கு அறை வீட்டை விட்டுவிட்டோம். சிம்கோ வீதியிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள், மூன்று அறையோடு, அம்மாவின் அறை கீழேயே இருக்கிற பழைய வீடு தேடுகிறோம். ஜன்னல் மாற்ற வேண்டியிருக்கும், பேஸ்மென்ட் கூரை தாழ்வாக இருக்கும், பரவாயில்லை. மச்சாளுக்கு இதில் கோபம். இந்தக் காசுக்குப் புது வீடே வாங்கலாமே என்கிறார். வாங்கலாம்தான். ஆனால் பஸ் பாதையில் எங்கள் கைக்கெட்டிய வீடு கிடைக்காவிட்டால், இன்னும் இரண்டு வருடம் மகன் ஹோலில் படுப்பான். நான் ஸ்காபரோவிலேயே இருப்பேன். இதில் நான் மாறப்போவதில்லை.

போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பயணத்தைப் போய்ப் பார்த்தேன். சிம்கோவில் 901, மையத்தில் 900, பிறகு ரிரிசி. மார்க்கம் வீதியில் இறங்கும்போது ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கட்டணம் ஒரு தரம்தான் எடுத்தது. தூரம்தான், அதை மறைக்கவில்லை. வழி முழுக்க அம்மா ஜன்னல் பக்கம் இருந்து தரிப்பிடப் பெயர்களைத் தன் சின்னக் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் முதலில் கேட்டது இதைத்தான்:

"வெள்ளிக்கிழமை பூசை முடிய எட்டரை ஆகும். அதுக்குப் பிறகும் அந்தப் பஸ் ஓடுமோ பிள்ளை?"

நேர அட்டவணையை இரண்டு பேருமாகப் பார்த்தோம். ஓடுகிறது. கொப்பியில் அதையும் குறித்துக்கொண்டார்.