காவல் துறை மானியம் கணக்கில்லாப் பணம் அன்று

அமெரிக்க நகரக் காவல் துறைகளுக்குக் கூட்டாட்சி அரசு தரும் மானியத்தைக் காவல் தலைவர் தம் விருப்பப்படி செலவிடலாம், கணக்குக் கேட்பார் இல்லை என்று பரவிவரும் செய்தி தவறானது.

அமெரிக்க நீதித் துறையின் சமூகக் காவல் பணிகள் அலுவலகமான ‘காப்ஸ்’ நடத்தும் பணியமர்த்தல் திட்டத்தையே பார்ப்போம். புதிய காவலர் ஒருவரின் தொடக்கநிலை ஊதியத்திலும் பணிப்பலன்களிலும் பொதுவாக 75 விழுக்காடு வரை, அதுவும் மூன்றாண்டுகளுக்கு 1,25,000 டாலர் என்ற உச்சவரம்புக்குள்தான் அரசு தரும். மீதியை நகரமே ஏற்று, மானியக் காலம் முடிந்த பின்னும் அந்தப் பணியிடத்தைக் குறைந்தது 12 மாதங்கள் தக்கவைக்க வேண்டும். நகர நிதியில் ஏற்கெனவே ஊதியம் ஒதுக்கப்பட்ட காவலரை மானியக் கணக்கில் காட்டி, மிச்சமாகும் தொகையை வேறு செலவுக்குத் திருப்பவும் விதி இடந்தராது. வதந்தியைப் பரப்புவோர் கவனிக்கத் தவறுவது பெரும்பாலும் இதைத்தான்.

1988இல் பணியிலிருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்ட நியூயார்க் காவலர் எட்வர்ட் பர்னின் பெயரால் வழங்கப்படும் மற்றொரு கூட்டாட்சி மானியம் பயிற்சி, கருவிகள், பணியாளர் எனப் பலவற்றுக்கும் பயன்படும் என்பது உண்மையே. ஆனால் ஆடம்பரப் பொருள்களையோ நிலம், கட்டடங்களையோ அசாதாரணச் சூழல் என்ற தனிச் சான்று இல்லாமல் அதில் வாங்க முடியாது. விண்ணப்பத்தையும் அனுப்புவதற்கு 30 நாள்களுக்கு முன்பே நகர மன்றத்தின் பார்வைக்கு வைத்து, பொதுமக்கள் கருத்துக்கூற வாய்ப்பளிக்க வேண்டும். வாங்கவிருக்கும் கருவி தேவைதானா என்ற நியாயமான கேள்வியை எழுப்ப வேண்டிய இடம் அதுவே.