கடல் திருப்பிக் கொடுக்கும்

என் சித்தப்பாவுக்குக் கல்லறை கிடையாது. பாம்பனிலிருந்து நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று ஊர் முழுக்கக் கல்லறைகளுக்குப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றும்போது, சித்தி மட்டும் தென்கடல் கரைக்குப் போவார். வாடைக் காற்றில் சுடர் நிற்காது. மணலைக் கையால் குழித்து, ஒரு சிரட்டைக்குள் மெழுகுவர்த்தியை நட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்.

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "நம்பிக்கை அவரவர் மனசோட இருக்கட்டுமே, அடுத்தவங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?" அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். சித்தப்பா காணாமல் போன அதே வாரம் வெளியூரிலிருந்து சிலர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் துண்டுப் பிரசுரம். "அவர் இரட்சிக்கப்பட்டிருந்தாரா?" என்று சித்தியிடமே கேட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. துக்க வீட்டுக்குப் போனால் முதலில் பக்கத்தில் உட்காரத் தெரிய வேண்டும்.

ஆனால் அந்தக் கோபத்தைச் சாக்காக வைத்துப் பல வருடம் நான் வாயே திறக்கவில்லை. அதுவும் தப்புதான் என்பதைச் சித்தியிடம்தான் கற்றேன்.

பக்கத்து வீட்டு ராத்தாவும் சித்தியும் சேர்ந்துதான் கருவாடு காயப் போடுவார்கள். ஒருநாள் நெத்திலியைப் பரப்பிக்கொண்டே ராத்தா கேட்டார்: "எங்களுக்கும் மறுமை நாள் உண்டு, அல்லா எழுப்புவான். ஆனா ஈசா நபி செத்து, மூணாம் நாளே எந்திரிச்சுட்டார்னு சொல்றீங்களே, அது உனக்கு என்ன செய்யுது?"

நான் முந்திக்கொண்டேன். கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் நம் நம்பிக்கையே வீண் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது, ஒரே நேரத்தில் 500 பேருக்கும் மேல் அவரைப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனையும் நான் நம்புவதுதான். ஆனால் ராத்தா கேட்டது அதை இல்லை, என்னிடமும் இல்லை.

சித்தி நெத்திலியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "ராத்திரி பூரா வலை போட்டும் ஒண்ணும் படலை இயேசுவோட சீடருங்களுக்கு. விடிஞ்சு பார்த்தா அவரு கரையில நிக்கிறாரு. கரி மூட்டி, மீனு சுட்டு, ரொட்டியும் வச்சுக்கிட்டு, சாப்பிட வாங்கன்னு கூப்புடுறாரு. செத்தவருதான் ராத்தா. கையில ஆணித் தழும்போட நிக்கிறாரு. கடலும் தன்கிட்ட உள்ளவங்களைக் கொடுத்துரும்னு எழுதியிருக்கு. எங்க ஆளுக்கும் ஒரு கரை இருக்கும்ல."

ராத்தா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சித்தியின் முழங்காலில் கை வைத்தார், அவ்வளவுதான்.

யோவான் நற்செய்தியில் 21ஆம் அதிகாரம் அது. அன்று பட்ட மீன் 153 என்று எண்ணிக்கை போட்டிருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் அந்த இடத்தை வாசிக்கும்போது, உயிர்த்தவரைப் பார்த்த திகைப்பிலும் மீனை எண்ணியிருக்கிறார்களே, தொழில்காரன்தான் என்பார்கள். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்ததும் ஒரு கரி நெருப்பின் பக்கத்தில் நின்றுதான். அதே மாதிரி ஒரு நெருப்பை மூட்டி, அவரைக் கூப்பிட்டுச் சோறு போட்ட மாதிரி எனக்குப் படும்.

உயிர்ப்பைச் சும்மா மன ஆறுதல் என்று சுருக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்று ஞாயிறுதோறும் சொல்கிறோம். சித்தி அதைச் சொல்லும்போது, அந்த உடல் எந்தக் கடலில் கிடக்கிறது என்று நினைத்துத்தான் சொல்கிறார். கல்லறை காலியாக இருந்த சேதியை முதலில் கொண்டுவந்தவர்கள் பெண்கள். அது வெறும் பிதற்றல் என்று சீடர்களே நம்பவில்லை. சொன்ன பெண்கள் அதற்காகச் சொல்லாமல் விட்டுவிடவில்லை.

எங்கள் மாவட்டத்து ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட பாதிரியார் அருளானந்தரும் அப்படித்தான். லிஸ்பனில் பிறந்தவர், தமிழ் படித்து, பண்டாரசாமியாகக் காவி கட்டி, மரக்கறி உண்டு, இந்த மக்களோடு இருந்துவிட்டுத்தான் பேசினார்.

உங்களுக்குள் இருக்கும் நம்பிக்கைக்கு விளக்கம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள், ஆனால் பணிவோடு, மரியாதையோடு என்கிறது பேதுருவின் கடிதம். நண்பருக்கு என் பதிலும் அதுதான். கேட்டவரிடம், அவர் கேட்டதற்கு, நம் வாழ்க்கையிலிருந்து சொல்ல வேண்டும். ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று விழுங்கிவிடக் கூடாது.

ராத்தா இன்றும் ஐந்து வேளை தொழுகிறவர்தான். போன நவம்பரில் சித்தியோடு அவரும் கரைக்கு வந்தார். காற்று பலமாக இருந்தது. சித்தி ஒரு பக்கம், ராத்தா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம், நடுவில் சிரட்டை.